எது முந்துதோ அது

இந்த நாற்காலியில உக்காருங்க தம்பி. அது வேண்டாம், அதுக்கு நேர் மேல ஏசி இருக்கு. ஒரு மணி நேரம் உக்காந்தா தோள்பட்டை பிடிச்சுக்கிடும். இங்கன உக்காந்தா கண்ணாடி வழியா உங்க வண்டியும் தெரியும். வெள்ளை வண்டிதானே? மூணாவது லிஃப்டுல ஏத்தியிருக்கான். முதல் சர்வீஸா? நினைச்சேன். முதல் சர்வீஸுக்கு வாரவங்கதான் இப்படிக் கண்ணாடிகிட்டயே போய் நிப்பாங்க.

காப்பி வேணும்னா அந்த மெஷின்ல ரெண்டாவது பட்டன். முதல் பட்டனை அமுக்கினா வெறும் வெந்நீர்தான் வரும். நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாச்சு, சரி பண்ண மாட்டேங்கான்.

உங்க வண்டிக்கு என்ன ஆயில் ஊத்துதாங்கன்னு கேட்டீங்களா? கேக்கலை. யாரும் கேக்கிறதில்லை. ஜாப் கார்டுல 'இன்ஜின் ஆயில்'னு ஒரு வரி போட்டிருப்பான், நீங்க கீழே கையெழுத்துப் போட்டிருப்பீங்க. குத்தமாச் சொல்லலை. எனக்கு அது தொழில் வாசனை. முப்பத்து மூணு வருஷம் முத்திரை ஆய்வாளரா இருந்தவன் நான். ஆவுடையப்பன்னு பேரு. தராசு, படிக்கல்லு, பெட்ரோல் பங்குல அளவு, பாக்கெட்டுல அடைச்சு விக்கிற சாமான் மேல என்ன எழுதியிருக்கு, என்ன எழுதாம விட்டிருக்கு, இதெல்லாம் பார்க்கிற வேலை. இப்பவும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும்முன்னே பின்பக்கம் திருப்பாம இருக்க முடியாது.

ஒண்ணு சொல்லுதேன், ஞாபகம் வச்சுக்கிடுங்க. எந்த டப்பாவையும் முன்பக்கம் படிக்காதீங்க. முன்பக்கம் இருக்கிறது அவன் சொல்ல ஆசைப்படுறது. பின்பக்கம் இருக்கிறது அவன் சொல்லியே ஆகவேண்டியது.

ஆயில் டப்பாவும் அப்படித்தான். முன்னால பெரிய எழுத்துல 'சிந்தெடிக்'னு இருக்கும். அதுக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி 'டெக்னாலஜி'ன்னு இன்னொரு வார்த்தை. ஃபுல்லி சிந்தெடிக்னா முழுக்க ஆலையில செஞ்ச சரக்கு. செமி சிந்தெடிக்னா கலப்புச் சரக்கு. சிந்தெடிக் டெக்னாலஜின்னா என்ன? கடைக்காரங்க பத்துப் பேருகிட்ட கேட்டிருக்கேன், பத்து விதமாச் சொன்னாங்க. பூமியில எடுத்த எண்ணெயில ஆலைச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்திருப்பான். எவ்வளவு சேர்த்தான்னு எழுத மாட்டான். எழுதணும்னு நான் படிச்ச சட்டத்துல ஒரு வரியும் கிடையாது.

அந்த ஒரு வார்த்தையாலதான் தம்பி எனக்கு ஒன்பது வருஷப் பழக்கம் ஒண்ணு போச்சு. நான் பண்ணது சரிதான். அதுல சந்தேகமே கிடையாது. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கே.

சமாதானபுரத்துல ஞானதுரைன்னு ஒரு மெக்கானிக் இருக்காரு. பாளையங்கோட்டையில அவரைத் தெரியாதவங்க குறைச்சல். என்னை விட ஏழெட்டு வயசு சின்னவர். சொந்தமா ஒர்க்‌ஷாப். ரெண்டு வண்டி நிக்கிற இடம், முன்னால ஒரு வேப்பமரம், ஒரு பெஞ்சு. அங்கதான் நான் வண்டி விட்டுக்கிட்டு இருந்தேன்.

வண்டி வாங்கினது ரிட்டயர் ஆன கையோட. வடிவுக்கு, அதான் எங்க வீட்டம்மா, பஸ்ஸுல ஏறி இறங்க முடியாது. முட்டு வலி. ரெண்டு வருஷம் நல்லாச் சுத்தினோம். குத்தாலம், திருச்செந்தூர், சங்கரன்கோயில். அப்போ வண்டியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. பதினாலு மாசம் ஆயில் மாத்தாமலே ஓட்டியிருக்கேன். பிறகு அவ போயிட்டா. ஆறு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பிள்ளைங்க எங்களுக்குக் கிடையாது. அது இருக்கட்டும், ஆயில் விஷயத்துக்கு வாரேன்.

அந்த வருஷத்துல இருந்துதான் நான் வண்டியை ஒழுங்காப் பராமரிக்க ஆரம்பிச்சேன். மூவாயிரம் கிலோமீட்டர், இல்லேன்னா மூணு மாசம். எது முந்துதோ அது. வண்டியோட கொடுத்த புஸ்தகத்துல பத்தாயிரம் கிலோமீட்டர், இல்லேன்னா ஒரு வருஷம்னுதான் போட்டிருக்கு. அது நல்ல ரோட்டுல ஓடுற வண்டிக்கு. நம்ம ஊர் தூசிக்கும் வெயிலுக்கும் சரிப்படுமா? எனக்கு எப்பவும் மூணு மாசம்தான் முந்தும். மூணு மாசத்துல என் வண்டி என்ன ஓடும், அறுநூறு ஓடும். காய்கறிக் கடை, லைப்ரரி, வருஷத்துக்கு ஒருக்க கருவூலத்துல போய் உயிரோட இருக்கேன்னு காட்டிட்டு வாரது. வேற எங்க போக?

ஆயில் மாத்துற அன்னைக்கு எட்டரை மணிக்கே போயிருவேன். ஒரு வாரம் முந்தியே போன்ல சொல்லிருவேன், "ஞானதுரை, வர்ற புதன்கிழமை வாரேன்"னு. வேலை என்னமோ அரை மணி நேரம்தான். ஆனா பக்கத்துல நின்னு பார்க்கணும் பாருங்க. எவ்வளவு நல்ல மெக்கானிக்கா இருந்தாலும் ஒரு கண்ணு வச்சுக்கிடணும். வேலை முடிஞ்ச பிறகு இன்ஜின் ஆறணும், அடியில சொட்டுதான்னு பார்க்கணும். அதுக்குள்ள பதினொரு மணி டீ வந்திரும். மதியம் அவர் வீட்டுல இருந்து சாப்பாடு வரும். அவங்க வீட்டுல மீன் இல்லாத நாள் கிடையாது. நான் போற அன்னைக்கு மட்டும் புளிக்குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் வரும். நான் சொல்லி வரலை. அதுவா வரும். சாப்பிட்டுட்டு அந்தப் பெஞ்சுல கொஞ்சம் கண்ணசருவேன். எழுந்தா நாலு மணி டீ. பிறகு அவர் செல்ஃபுல இருக்கிற டப்பாவை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் பின்பக்கம் படிச்சு, "ஞானதுரை, இதுல பேக் பண்ண மாசம் அழிஞ்சிருக்கு, திருப்பி அனுப்பும்"னு சொல்லுவேன். அவர் சிரிப்பாரு. "அண்ணாச்சி, உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் ஆர்டர் வந்து சேரலையா"ம்பாரு. அஞ்சரை ஆறுக்குக் கிளம்புவேன். ஒரு ஆயில் மாத்துறதுன்னா எவ்வளவு வேலை இருக்கு பாருங்க.

அப்புறம், வடிக்கிற ஆயில். மத்த வண்டியில எல்லாம் கீல் மாதிரி கறுப்பா ஊத்தும். என் வண்டியில தேன் நிறத்துல விழும். அங்க நிக்கிற டிரைவருங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன், வண்டியை எப்படி வச்சிருக்கேன்னு பாருங்கன்னு. அந்தத் தேன் நிற ஆயில் பிறகு எங்க போகுதுன்னு நான் ஒருநாளும் கேக்கலை. ஆய்வாளரா இருந்தவன் அதைக் கேட்டிருக்கணும். அது மட்டும் என் தப்பு.

அவருக்கு ஒரே மக. பெனிட்டா. ஆட்டோமொபைல் டிப்ளமோ படிச்சிட்டு, கோயம்புத்தூர்ல பெரிய கம்பெனியில நாலு வருஷம் வேலை பார்த்துட்டு வந்தது. அப்பாவுக்குக் கண்ணுல புரை விழுந்து பார்வை மங்க ஆரம்பிச்சதும் ஒர்க்‌ஷாப்பை அதுவே எடுத்துக்கிடுச்சு. நல்ல பிள்ளை, அதுல குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் வச்சது, பில்லு அடிச்சது, ஒவ்வொரு வண்டிக்கும் எப்ப என்ன செஞ்சதுன்னு குறிச்சு வச்சது.

போன வருஷம் மார்ச்ல நான் போனப்போ அது என் வண்டிக் கணக்கைப் பார்த்துட்டு, "அங்கிள், இந்தத் தடவை நல்ல சிந்தெடிக் ஊத்திருவோம். இனி நீங்க மூணு மாசத்துக்கு ஒருக்க அலைய வேண்டாம். அடுத்த மார்ச்ல வந்தாப் போதும்"னு சொல்லுச்சு.

"அடுத்த மார்ச்சா?"

"பத்தாயிரம், இல்லேன்னா ஒரு வருஷம் அங்கிள். உங்களுக்கு ஒரு வருஷம்தான் முதல்ல வரும்."

ஊத்திட்டு, முன்கண்ணாடி மூலையில ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிருச்சு. அடுத்த வருஷத் தேதி போட்டு. அன்னைக்கு மதியச் சாப்பாடு வந்தது, சாப்பிட்டேன். ருசி தெரியலை. சாயங்காலம் கிளம்பும்போது ஞானதுரை, "போயிட்டு வாங்க அண்ணாச்சி"ன்னாரு. நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். போயிட்டு எப்ப வர?

காலி டப்பாவை நான் எப்பவும் கையோட எடுத்துட்டு வந்திருவேன். மறுபடியும் நிரப்பி விக்கிறவங்க உண்டுல்லா, அதுக்காக. வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சுப் படிச்சேன். 'சிந்தெடிக் டெக்னாலஜி.' பில்லை எடுத்துப் பார்த்தேன். 'ஃபுல்லி சிந்தெடிக்.'

உங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். எனக்குத் தூக்கம் வரலை.

மறுநாள் காலையில டப்பாவையும் பில்லையும் கொண்டு போய் மேஜை மேல வச்சேன். அந்தப் பிள்ளை ரெண்டையும் பார்த்துச்சு. "ஆமா அங்கிள், கம்ப்யூட்டர்ல பேரு தப்பா விழுந்திருக்கு. என் தப்புதான். மாத்தி அடிச்சுத் தாரேன், மிச்சக் காசையும் தாரேன்"னுச்சு.

"எனக்கு மிச்சம் வேண்டாம். ஸ்டிக்கரை எடு"ன்னேன்.

"ஸ்டிக்கர் சரிதான் அங்கிள். கிரேடு உங்க வண்டிக்கு உள்ளதுதான். பின்னால பாருங்க, நம்பர் எல்லாம் சரியா இருக்கு. இதுவும் ஒரு வருஷம் தாராளமாப் போகும்."

"ஃபுல்லி சிந்தெடிக்னு சொல்லித்தானே ஒரு வருஷம்னே? அது இல்லேன்னு ஆன பிறகு ஒரு வருஷம் எங்கேர்ந்து வந்துச்சு?"

அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கு என்ன அவசரமோ, வாசல்ல நாலு வண்டி நின்னது. சட்டுன்னு சொல்லிருச்சு. "அங்கிள், சாதா ஆயில் ஊத்தினாலும் உங்க ஓட்டத்துக்கு ஒரு வருஷம் போகும். மூணு மாசத்துக்கு ஒருக்க நீங்க வடிச்சுக் கொட்டுனீங்களே, அதெல்லாம் நல்ல ஆயில். அப்பாவோட ஆம்னி வேன் ஒன்பது வருஷமா அதுலதான் ஓடுது."

நான் திரும்பி ஞானதுரையைப் பார்த்தேன். அவர் ஒரு கழிவுத்துணியில கையைத் துடைச்சுக்கிட்டே நின்னாரு. துடைக்க அவர் கையில ஒண்ணும் இல்லை.

"அப்படியா ஞானதுரை?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்ல ஆயில்னு உமக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு வடிச்சீரு?"

துணியை மடிச்சுப் பெஞ்சு மேல வச்சாரு. பிறகு சொன்னாரு. "நீங்க வருவிய. வந்தா சாயங்காலம் வரைக்கும் இருப்பிய. வேண்டாம்னு நான் எப்படிச் சொல்ல?"

பாருங்க தம்பி. கேட்டது ஆயிலைப் பத்தி. அதுக்கு இது ஒரு பதிலா? ஒன்பது வருஷம், முப்பத்தாறு தடவை, ஒரு ஆளுக்குத் தேவையில்லைன்னு தெரிஞ்ச சரக்கை வித்திருக்காரு. அதையும் முகத்துக்கு நேரே சொல்லுதாரு. நான் டப்பாவை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

புகார் எழுதினேன். பதினாலு பக்கம். எந்தெந்த விதி, எந்தெந்தப் பிரிவு, சிந்தெடிக்ங்கிற வார்த்தைக்கு எந்த ஊர்ல என்ன அர்த்தம், எல்லாம் போட்டு. லைப்ரரிக்கு ஒரு வாரம் தினமும் போனேன். லைப்ரரியன் அம்மா, "என்ன சார், பரீட்சை எழுதப் போறீங்களா"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு வாரம் நேரம் போனதே தெரியலை. ஒப்புகைச் சீட்டு வச்சு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன்.

எங்க பழைய ஆபீஸ்ல இப்ப ஆய்வாளரா இருக்கிறது இசக்கிராஜன். என்கிட்ட வேலை படிச்சவன். அவன் போய்ப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணினான்.

"சார், லேபிள்ல ஒண்ணும் இல்லை. கம்பெனி பேரு, விலாசம், அளவு, மாசம், எல்லாம் சரியா இருக்கு. சிந்தெடிக்ங்கிற வார்த்தையை அளக்க நம்மகிட்ட என்ன சார் இருக்கு? பில்லுல பேரு மாறினதை அந்தப் பிள்ளையே தப்புன்னு எழுதிக் கொடுத்திருச்சு."

"அப்போ நடவடிக்கை ஒண்ணும் இல்லையா?"

"போனதுக்கு ஒரு கேஸ் எடுத்தேன் சார். சில்லறை ஆயில் ஊத்துற குவளையில முத்திரை இல்லை. அதுக்கு அபராதம் போட்டுட்டு, குவளையைக் கைப்பத்திட்டு வந்துட்டேன்."

அந்தக் குவளை எனக்குத் தெரியும். ஒரு லிட்டர் அலுமினியக் குவளை, கைப்பிடி பக்கம் நசுங்கியிருக்கும். அதுல முத்திரை இல்லைங்கிறது முதல் நாளே எனக்குத் தெரியும். சில நேரம் புனலை அவர் பிடிச்சுக்கிட, நானே அதால ஊத்தியிருக்கேன். ஆனா நான் ரிட்டயர் ஆனவன், எனக்கு அதிகாரம் கிடையாது. என் புகார்ல குவளையைப் பத்தி ஒரு வார்த்தையும் எழுதலை. அதை நீங்க நம்பணும். பதினாலு பக்கத்துக்கும் நகல் என்கிட்ட இருக்கு.

ஞானதுரை போன் பண்ணுவாருன்னு இருந்தேன். நேர்ல வந்து நாலு வார்த்தை ஏசுவாருன்னு இருந்தேன். ஏசினா நானும் பதில் சொல்லலாம்ல? என்ன சொல்லணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். வீட்டுல கதவைச் சாத்தாமலே வச்சிருந்தேன் ஒரு பத்து நாள். வரலை.

ஜூன் வந்தது. மூணு மாசம் ஆச்சு. நான் என் வழக்கத்தை எதுக்கு மாத்தணும்? போனேன். போன் பண்ணலை, நேரா போனேன்.

வாசல்ல புதுசா நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பெஞ்சைக் காணோம். பெனிட்டா எழுந்து நின்னு, "வாங்க சார். இந்த டோக்கனை வச்சுக்கிடுங்க. கூப்பிடுவாங்க"ன்னுச்சு. நல்ல மரியாதையாத்தான் சொன்னது.

"அப்பா எங்க?"ன்னேன்.

"அப்பா இப்ப கடைக்கு வாரதில்லை சார். கண்ணு ரொம்ப மோசமாயிருச்சு."

ஆயில் மாத்தணும்னேன். இப்ப தேவையில்லை சார்னு ஒரு தடவை சொல்லுச்சு. நான் மாத்தணும்னேன். மறு பேச்சு பேசலை. பில்லுல 'வாடிக்கையாளர் வற்புறுத்தலின் பேரில்'னு எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லுச்சு. வாக்கியம் சரியா இருந்தது. போட்டேன். ஃபுல்லி சிந்தெடிக் டப்பாவை என் கையில கொடுத்துப் பின்பக்கம் படிக்கச் சொல்லிட்டுத்தான் மூடியைத் திறந்தது. ஊத்தும்முன்னே புது எவர்சில்வர் குவளையை என் முன்னால நீட்டி, "முத்திரை பார்த்துக்கிடுங்க சார்"னுச்சு. பார்த்தேன். அந்த வருஷ முத்திரை. தெளிவா இருந்தது. வடிச்ச ஆயிலை ஒரு கேன்ல அடைச்சு, என் பேரு எழுதி, டிக்கியில வச்சாங்க. உங்க சரக்கு சார், நீங்களே கொண்டு போங்கன்னு.

ஒரு குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு ஒழுங்கான கடையை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து மணி பார்த்தா பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு. காலையில பத்து மணி. கதவைத் திறந்து உள்ளே போனேன். செருப்பைக் கழத்தினேன். என்ன செய்யணும்னு தெரியலை. திரும்பச் செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே வந்து வண்டிக்குள்ள உக்காந்தேன். அடியில சொட்டுதான்னு பார்க்கணும்ல. எதுத்த வீட்டு டீச்சர் ஸ்கூல் விட்டு வந்து, "சார், வெளியே கிளம்புறீங்களா, இல்ல இப்பத்தான் வந்தீங்களா"ன்னு கேக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

அதுக்குப் பிறகுதான் இங்க வர ஆரம்பிச்சேன். இங்க எல்லாம் முறைப்படி. நாற்காலி நல்ல நாற்காலி. ஆளும் பேருமா இருக்கும். இங்கயும் முதல்ல, "சார், உங்களுக்கு இப்ப ஆயில் தேவைப்படாது"ன்னு சொல்லிப் பார்த்தாங்க. இப்ப சொல்றதில்லை. ஜெனரல் செக்கப்னு ஒண்ணு போட்டுக் கொடுத்திருதாங்க. காத்து பார்ப்பான், தண்ணி பார்ப்பான், ஒரு தடவை துடைச்சுக் கொடுப்பான். அந்த ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணுக்கு என்னை நல்லாத் தெரியும். பேரு மட்டும் ஒவ்வொரு தடவையும் கேக்கும்.

இதை எதுக்கு இன்னைக்கு உங்ககிட்ட சொல்லுதேன்னு கேட்டா, காலையில ஞானதுரையைப் பார்த்தேன். ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு.

இங்க வார வழியில, கண்ணாஸ்பத்திரி வாசல்ல நிக்காரு. ஒரு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு கட்டு. இன்னொரு கண்ணும் புகை அடிச்ச மாதிரிதான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, கையில மருந்துப் பையோட, ஆட்டோவுக்கு நிக்காரு. பிள்ளை கடையில இருந்திருக்கும். நான் நிறுத்தலாமா வேண்டாமான்னு நினைக்கும்முன்னே வண்டி அவர் பக்கத்துல போய் நின்னுருச்சு. நான் ஒரு வார்த்தை பேசலை. ஜன்னல் கண்ணாடியைக் கூட இறக்கலை.

"ஆவுடையப்பன் அண்ணாச்சிதானே?"ன்னாரு.

வண்டிச் சத்தத்தை வச்சே சொல்லுதாரு.

"ஏறும்"னேன்.

தட்டித் தடவி ஏறி உக்காந்தாரு. நான் பெல்ட்டைப் போட்டு விட்டேன். ஐகிரவுண்டு பஸ் ஸ்டாப் தாண்டுற வரைக்கும் காதைக் கொடுத்து இன்ஜினைக் கேட்டுக்கிட்டே வந்தாரு.

"நல்லா வச்சிருக்கிய"ன்னாரு. "என்ன ஆயில் ஓடுது?"

"ஃபுல்லி சிந்தெடிக். பின்பக்கம் படிச்சிட்டேன்."

சிரிச்சாரு. ஆபரேஷன் பண்ண கண்ணுக்குச் சிரிக்கக் கூடாதாம், உடனே நிறுத்திக்கிட்டாரு. பிறகு மெதுவாச் சொன்னாரு. "எங்க வீட்டுல அப்பப்ப கேப்பா, அண்ணாச்சி எப்ப வாராவன்னு. ஆயில் மாத்த இன்னும் நாள் கிடக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

நான் ரோட்டைப் பார்த்துத்தானே ஓட்டணும். ஓட்டினேன்.

"பெனிட்டா அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணாச்சி. நானும்தான். மனசுல வச்சுக்கிடாதிய."

"குவளையைப் பத்தி நான் எழுதலை"ன்னேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உங்களைத் தெரியாதா?"ன்னாரு.

அவர் வீட்டு வாசல் வந்திருச்சு. இறங்கி, கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. "இறங்குங்க. சாப்பிட்டுட்டுப் போவலாம்."

"இல்லை, வண்டி சர்வீஸுக்கு விடணும். பத்தரைக்கு நேரம் கொடுத்திருக்காங்க."

"எத்தனை ஓடியிருக்கு?"

"நானூத்தி இருபது."

அவர் கதவை மெதுவாச் சாத்தினாரு. "அப்போ நேரத்துக்குப் போங்க"ன்னாரு. நான் வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுத்துத் திருப்பினேன். அவருக்கு அது தெரியலை. முன்னே வண்டி நின்ன இடத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கிட்டே நிக்காரு. நான் ஹாரன் அடிச்சிருக்கலாம். அடிக்கலை. வந்துட்டேன்.

ஏன் இறங்கலைன்னு நீங்க கேப்பீங்க. மனசுல வச்சுக்கிடாதியன்னு சொல்லிட்டா ஆச்சா? ஒரு மனுஷனுக்குத் தேவை இல்லாததைத் தேவைன்னு வித்தது தப்பா இல்லையா? அதுக்கு அவர் பதில் சொல்லலையே. வருவிய, இருப்பியன்னா? வாரதும் இருக்கிறதும் வேற, ஆயில் வேற. நான் அங்க போனது ஆயிலுக்கு. வேற எதுக்குப் போனேன்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

சரி, யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்லை.

உங்க பேரா கூப்பிடுதான்? ஆமா, லிஃப்டுல இருந்து இறக்கிட்டான். ஒன்றரை மணி நேரம்னு சொன்னான், ஒரு மணி நேரத்துலயே முடிச்சிட்டானே. பாருங்க, சொல்றது ஒண்ணு செய்றது ஒண்ணு. போங்க, போய்ப் பாருங்க. காத்து சரியா இருக்கான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

என் வண்டியா? அது பதினொன்றரைக்கே முடிஞ்சிருச்சு. சாவி என் பையிலதான் இருக்கு. வெயில் தாழட்டும்னு உக்காந்திருக்கேன்.

தம்பி, ஒரு நிமிஷம். அடுத்த சர்வீஸ் எப்பன்னு உங்களுக்கு ஒரு தேதி எழுதிக் கொடுப்பான். அது என்ன தேதின்னு என்கிட்ட சொல்லிட்டுப் போங்களேன்.